கிரீஸ் ஊட்டியவர்கள்

அப்பலாச்சிய மலைகளின் நிலக்கரி ரயில்களைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் எஞ்சினின் பருமனைத்தான் வியப்பார்கள். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே தன் ரோனோக் பட்டறையிலேயே கட்டிய ஒய்6 அந்த வியப்புக்கு உரியதுதான்: இழுவைச் சக்கரங்கள் பதினாறு, பின் சிலிண்டர்களில் வேலைசெய்த நீராவியே முன்னாலுள்ள பெரிய சிலிண்டர்களுக்குப் போய் மறுபடி உழைக்கும். ஆனால் என் மரியாதை அதற்குக் கிரீஸ் ஊட்டிய ஷெட் தொழிலாளிகளுக்கே முதலில் போகும். பல ரயில்வேக்களில் அது திறந்தவெளியில், எண்ணெய்க்கேனோடு சுற்றிவந்து செய்கிற வேலை. இங்கே அதற்கென்றே ஒரு கொட்டகை கட்டி, அழுத்தக் குழாய்களில் கிரீஸும் எண்ணெயும் வரச் செய்தார்கள். எஞ்சின் சீக்கிரமே அடுத்த வண்டிக்குத் தயாராகிவிடும். ஷெட்டில் காத்துக்கிடக்கும் எஞ்சினுக்கு எவ்வளவு பலம் இருந்து என்ன?

மற்ற ரயில்வேக்கள் டீசலுக்கு மாறியபோதும், நிலக்கரி முதலாளிகளின் மனம் கோணக் கூடாதென்றே இந்த ரயில்வே நீராவியை விடவில்லை என்பார்கள். அந்தக் கணக்கும் இருந்தது. ரயில்வேயின் வருமானத்தில் பெரும்பகுதி நிலக்கரியால்தான் வந்தது. ஆனால் 1952இல் டீசலோடு நடத்திய ஒப்பீட்டு ஓட்டங்களில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக நின்றன. வாடிக்கையாளர் மீதுள்ள விசுவாசம் ஒரு வண்டியையும் மலையேற்றாது. நல்ல வடிவமைப்பும் பராமரிப்பும்தான் ஏற்றும். 1960இல் நீராவி ஓய்ந்ததே என்றால், மற்ற ரயில்வேக்கள் டீசலுக்கு மாறியபின் உதிரிபாகம் செய்துதரும் கம்பெனிகள் அருகிப்போயின. தனி ஒரு ரயில்வே அந்தத் தொழில் முழுவதையும் தாங்கியிருக்க முடியாது. அதில் ஷெட்காரர்களின் குறை எதுவும் இல்லை.