நான்கு பொய் நளன்களும் வானிறங்கிய எல்விஸ்களும்: ‘ஹனிமூன் இன் வேகஸ்’ திரைப்படத்தில் சூதும் வேடமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆண்ட்ரூ பெர்க்மன் எழுதி இயக்கிய ‘ஹனிமூன் இன் வேகஸ்’ (1992) என்னும் அமெரிக்கக் காதல் நகைச்சுவைப் படம், எல்விஸ் பிரெஸ்லியைப் போல வேடமிடும் கலைஞர்களைப் பின்புலமாகக் கொண்டது. சூதில் தோற்றவன் வேடம் பூண்டு காதலியை மீட்கும் இக்கதையமைப்பை, புகழேந்தியின் நளவெண்பாவோடும் தொண்டைநாட்டுக் கூத்து மரபின் வேடக் கருத்தோடும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. படத்தில் விரும்பிப் பூணும் வேடமும் சுமத்தப்படும் வேடமும் வெவ்வேறு என்பதும், இரண்டாவதைப் படம் உரியவாறு எதிர்கொள்ளவில்லை என்பதும் இதன் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: வேடம், நகல், நளவெண்பா, தெருக்கூத்து, சூது, காதல் நகைச்சுவை

முன்னுரை

புகழ்பெற்றோரின் உருவையும் நடையையும் மேடையில் தாங்குவோர் தமிழகத்திற்குப் புதியவர் அல்லர். சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருவள்ளூரை அடுத்துள்ள கடம்பத்தூர் வட்டாரத்தை உள்ளிட்ட தொண்டைநாட்டு ஊர்களில், திருவிழா மேடை இருவகை வேடங்களுக்கு இடந்தருகிறது. ஒன்று, திரௌபதி அம்மன் வழிபாட்டோடு பிணைந்த பாரதக் கூத்து. மற்றொன்று, எம்.ஜி.ஆரைப் போலவும் ரஜினிகாந்தைப் போலவும் உடுத்து ஆடும் ஆடல் பாடல் நிகழ்ச்சி. முதலாவது ஆய்வாளர்களின் கவனத்தைப் பெரிதும் பெற்றுள்ளது. திரௌபதி வழிபாடு குறித்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் எழுதிய பெருநூல்களும், ரிச்சர்டு ஃபிராஸ்காவின் தெருக்கூத்து ஆய்வும் தமிழ் ஆய்வுலகம் நன்கு அறிந்தவை. இரண்டாவது வகையோ ‘நகல்’, ‘டூப்’, ‘ஜூனியர்’ என்னும் சொற்களால் சிறுமைப்படுத்தப்பட்டு, ஆய்வின் வாயிலுக்கு வெளியே நிற்கிறது.

இச்சிறுமைக்குக் காரணம் கலையின் தரம் மட்டுமன்று. கூத்தில் ஒருவர் துரியோதன வேடம் கட்டும்போது, அவர் முந்தைய ஆண்டில் அதே வேடம் கட்டியவரின் நகல் என்று யாரும் கருதுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து தோன்றி, கட்டியங்காரனின் வினாவிற்கு விடையாகத் தம்மை அறிவித்த பின் அவர் துரியோதனரே. வேடம் அங்கே பொதுச்சொத்து; கட்டுபவர் அதன் காவலர். நட்சத்திர வேடத்திலோ மூலம் ஒரு குறிப்பிட்ட மனிதரின் உடல். அம்மனிதர் மறைந்த பின்னும் உரிமை அவ்வுடலிடமே தங்கிவிடுகிறது. வேடதாரி என்றும் கடனாளி.

தமிழ்த் திரைப்படம் இக்கடனாளியை நாயகனாக்கத் துணிந்தது அரிது. நட்சத்திரமே மற்றொரு நட்சத்திரத்தின் வேடம் பூணுவதையே அது விரும்பியுள்ளது. ஷங்கரின் ‘சிவாஜி’ (2007) படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற பாத்திரத்தின் பெயர் சிவாஜி. இறந்ததாகக் கருதப்பட்டவன் மீண்டு வரும்போது சூடிக்கொள்ளும் பெயர் எம்.ஜி. ரவிச்சந்திரன். பெயர்ச்சுருக்கத்தைப் பார்வையாளர் உடனே விரித்துக்கொள்வர். இங்கே வேடம் அரியணை உரிமைக் கோரிக்கையாகிறது. திருவிழா மேடையில் ஆடும் எளிய வேடதாரிக்கு இதில் இடமில்லை.

கதையும் அதன் பழைய உறவினரும்

‘ஹனிமூன் இன் வேகஸ்’ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மணஞ்செய்துகொள்ளமாட்டேன் என்று தாயின் மரணப்படுக்கையில் வாக்களித்த ஜாக் (நிக்கோலஸ் கேஜ்), காதலி பெட்சியின் (சாரா ஜெசிகா பார்க்கர்) வற்புறுத்தலால் லாஸ் வேகஸ் நகருக்கு மணம் முடிக்கச் செல்கிறான். அவர்கள் தங்கும் விடுதி முழுவதும் எல்விஸ் வேடதாரிகள். பெட்சியைக் கண்ட தொழில்முறைச் சூதாடி டாமி கோர்மன் (ஜேம்ஸ் கான்), இறந்துபோன தன் மனைவியை அவள் அப்படியே ஒத்திருப்பதால் அதிர்ந்துபோகிறான். சீட்டாட்டத்தில் ஜாக்கை இழுத்து 65,000 டாலர் கடனில் ஆழ்த்துகிறான். ஒரு வார இறுதியைப் பெட்சி தன்னுடன் கழித்தால் கடன் தீரும் என்கிறான். அவளை ஹவாய்த் தீவிற்கு அழைத்தும் செல்கிறான். பின்தொடர்ந்து அலையும் ஜாக், இறுதியில் வேகஸ் திரும்ப வேறு வழியின்றி ஒரு விமானத்தில் ஏறுகிறான். அது வான்குடையில் குதிக்கும் எல்விஸ் குழுவினுடையது. அவர்களோடு தானும் எல்விஸ் உடையில் குதிக்க வேண்டியதாகிறது.

சூதில் மனைவியைப் பணயமாக வைத்தல் என்றவுடன் தமிழ் வாசகருக்குத் தருமனும் ‘சூது துகில்’ கூத்தும் நினைவிற்கு வருவது இயல்பு. ஆயினும் நெருங்கிய உறவு நளன் கதையோடுதான். பொன்விளைந்த களத்தூரினர் என மரபு கூறும் புகழேந்தியின் நளவெண்பாவில், காதலும் சூதும் வேடமும் விரைந்த பயணமும் ஒரே தொடராக அமைந்துள்ளன. இது தாக்கம் பற்றிய கூற்றன்று. பெர்க்மன் நளன் கதையை அறிந்திருந்தார் எனக் கொள்ள எச்சான்றும் தேவையில்லை. ஒரே சிக்கலை இரு நகைச்சுவை உணர்வுகள் எவ்வாறு அவிழ்க்கின்றன என்பதே இங்கு வினா. நளவெண்பாவை நகைச்சுவையோடு சேர்த்துப் பேசுவது சிலருக்கு நெருடலாம். சுயம்வர காண்டத்தில் தேவர் நால்வரும் அகப்பட்டுக்கொள்ளும் நிலை சிரிப்பிற்குரியதே.

முதல் ஒப்புமை தூது. தமயந்தியை நாடி வரும் இந்திரன் முதலிய நால்வர், அவளைக் காதலிக்கும் நளனையே தமக்குத் தூதாக அனுப்புகின்றனர். தன் காதலியிடம் பிறர் விருப்பைத் தானே எடுத்துரைக்கும் இக்கட்டு அவனுக்கு. கோர்மனின் நிபந்தனையைப் பெட்சியிடம் சொல்ல வேண்டிய ஜாக்கின் நிலையும் அதுவே. ஆனால் நளனை அந்நிலைக்குத் தள்ளியது கொடுத்த வாக்கு. ஜாக்கைத் தள்ளியது சீட்டு. கேஜின் நடிப்பு இக்காட்சியில் சிறக்கிறது. சொல்லத் தொடங்கி, சுற்றி வளைத்து, சொல்லாமலே சொல்லி முடிக்கும் அவரது தடுமாற்றத்தில் படத்தின் அறச்சிக்கல் முழுவதும் வெளிப்படுகிறது. இதன் பின்வரும் ஹவாய்ப் பகுதி தொய்வுற்றது. துரத்தலும் திசைதிருப்பலுமாக நீளும் அப்பகுதியில் வேடதாரிகளும் மறைந்துவிடுவதால், படம் தன் சொந்தப் பொருளையே சிறிது நேரம் மறந்துவிடுகிறது.

கால் தோய்தல்

சுயம்வர மண்டபத்தில் தேவர் நால்வரும் நளனின் உருவையே எடுத்து அமர்கின்றனர். தமயந்தியின் முன் ஐந்து நளன்கள். புகழ்பெற்ற ஒருவனின் தோற்றத்தைத் தாங்கிக் காதலைப் பெற முயல்வோர் என்ற வகையில், தமிழ் இலக்கியத்தின் தலைசிறந்த வேடதாரிகள் இந்நால்வரே. மூலம் மனிதன், நகல்கள் தெய்வங்கள் என்பது புகழேந்தி கையாளும் கதையின் வியப்பு. தமயந்தி மெய்யான நளனைக் கண்டறிவது அழகாலன்று. கண் இமைக்கிறது, கால் நிலத்தில் தோய்கிறது, மாலை வாடுகிறது. குறையுள்ளவனே மெய்யானவன்.

பெர்க்மனின் படத்தில் இரவு வானிலிருந்து எல்விஸ்கள் இறங்கும் காட்சியை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அனைவரும் வெண்ணிற உடையினர். அனைவருக்கும் ஒரே தலைமுடி, ஒரே கிருதா. தொழில்முறை வேடதாரிகள் நிலத்தைத் தீண்டாத தேவர்களைப் போல வானத்தில் இயல்பாக இருக்கின்றனர். அஞ்சுபவன் ஜாக் ஒருவனே. அச்சமே அவனது இமைப்பு. அவன் பெட்சியிடம் வந்துசேர்வது எல்விஸை ஒத்திருப்பதால் அன்று, ஒத்திராமையால். வேடம் பிழைக்கும் இடத்தில்தான் ஆள் புலப்படுகிறான்.

நளவெண்பா இங்கு நின்றுவிடுவதில்லை. மெய்ம்மைக்குச் சான்றான அதே கால்களின் வழியேதான் பிற்காலத்தில் கலி நளனுள் புகுகிறான். கால் கழுவுதலில் நேர்ந்த சிறு குறையே வாயிலாகிறது. மனிதனாயிருத்தல் அறியப்படுவதற்கும் வீழ்வதற்கும் ஒருங்கே காரணமாகும் இந்த இரட்டைத்தன்மை படத்தில் இல்லை. ஜாக்கின் அச்சம் ஒரு குதிப்பில் தீர்ந்துவிடுகிறது. சூதாடிய மனமும் உடன் தீர்ந்ததாகப் படம் எடுத்துக்கொள்கிறது. நளன் அவ்வளவு எளிதில் விடுபடவில்லை. வாகுகன் என்னும் வேற்றுருவில் இருதுபன்னனின் மடைத்தொழிலனாகவும் தேரோட்டியாகவும் உழைத்த பின்னரே, கலி நீங்குகிறான். இரண்டாம் சுயம்வரத்திற்கென நளன் தேரைக் காற்றாய்ச் செலுத்துவதும் ஜாக் விமானம் விட்டு விமானம் தாவுவதும் ஒரே விரைவின் இரு வடிவங்கள். விரைவுக்கு முன் நிகழ்ந்த உழைப்பு ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை.

வேடதாரிகளின் உழைப்பையும் படம் காட்டுவதில்லை. விடுதிக் கூடத்தில் நிறைந்திருக்கும் எல்விஸ்களில் பெயருடையோர் அரியர். அவர்களுள் பாடும் சிறுவனாகத் தோன்றுபவர் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகர் புரூனோ மார்ஸ். ஒரு நகலுக்குத் தன் பெயர் கிட்டியது படத்திற்கு வெளியேதான். கற்பனையான வான்குடை எல்விஸ் குழுவைப் பின்பற்றி, படத்திற்குப் பின் லாஸ் வேகஸில் மெய்யாகவே அத்தகைய குழு ஒன்று உருவானதும் குறிக்கத்தக்கது. படத்தின் இசைத்தொகுப்பில்கூட எல்விஸின் பாடல்களைப் பாடியோர் பில்லி ஜோயல், வில்லி நெல்சன் முதலிய பிறரே. மூலம் வெற்றிடமாகவும் நகல்கள் நிறைவாகவும் உள்ள உலகம் இது. இதனைப் படம் இகழவில்லை என்பது அதன் பெருந்தன்மை.

வேடமிடப்பட்ட பெண்

படத்தின் மெய்யான வேடதாரி எல்விஸ் உடை அணிந்த எவருமல்லர், பெட்சியே. இறந்த மனைவியின் இடத்தில் நிற்குமாறு கோர்மன் அவளைக் கேட்கிறான். எல்விஸ் வேடதாரிகள் மறைந்த ஒருவரின் உருவைத் தாமே தெரிந்தெடுத்தனர். பெட்சி மறைந்த ஒருத்தியின் உருவாகப் பிறரால் தெரிந்தெடுக்கப்பட்டாள். தன் முகமே அவளுக்கு வேடமாக்கப்பட்டது. கழற்ற இயலாத வேடம் அது. இவ்விணையை அமைத்த திரைக்கதையின் நுட்பம் பாராட்டிற்குரியது. ஆனால் அமைத்த பின் அதனை நேர்கொண்டு பார்க்கத் திரைக்கதைக்கு மனமில்லை. கோர்மனின் துயரைப் படம் பரிவோடும் பின்னர் ஏளனத்தோடும் காட்டுகிறது. பெட்சிக்கு அது என்ன செய்தது என்று கேட்பதில்லை.

புட்கரன் தமயந்தியைப் பணயமாக வைக்கத் தூண்டும்போது நளன் மறுத்து எழுந்துவிடுகிறான். எல்லாம் இழந்தவனுக்கு எஞ்சிய பெருமை அது. தருமனுக்கு அதுவும் எஞ்சவில்லை. ஆகவே பாரதத்தில் திரௌபதி அவையை நோக்கித் தன்னைத் தோற்றவன் என்னைப் பணயம் வைக்க உரிமையுடையவனா என வினவ நேர்கிறது. தொண்டைநாட்டுக் கூத்தில் இவ்வினா எழும் இரவு வழிபாட்டின் இரவுமாகும். துகில் பற்றும் வேடதாரி அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டும் மரபும் உண்டு. வேடத்தில் செய்வதாயினும் அச்செயலுக்குப் பொறுப்பு உண்டு என்பதைக் கூத்து மறப்பதில்லை. பெட்சிக்கு அவை இல்லை. அவளது சினம் தனியறையில் வெடித்து அடங்குகிறது. அவளே உடன்பட்டுச் சென்றாள் என்பதைக் கொண்டு படம் ஜாக்கைக் காக்கிறது. கடன்பட்டவனின் முன் நிற்கும் பெண்ணின் உடன்பாடு எத்தகையது என்பதை நகைச்சுவை என்ற பெயரால் கடந்துவிடுகிறது.

எனினும் இறுதிக் காட்சியில் படம் தன்னையறியாமல் ஒரு விடையைத் தருகிறது. நளன் கார்க்கோடகன் அளித்த ஆடையைப் போர்த்தி வேற்றுரு நீங்கி, தன்னுருவில் தமயந்தியைச் சேர்கிறான். ஜாக்கும் பெட்சியும் வேடத்தைக் களையாமலே மணம் புரிகின்றனர். அவன் ஒளிவிளக்குகள் மின்னும் எல்விஸ் உடையில். அவள் கோர்மனிடமிருந்து தப்புவதற்காக எடுத்தணிந்த களியாட்ட நடனமங்கையின் உடையில். விருந்தினர் அனைவரும் எல்விஸ்கள். அவ்வுடை களவுடை, கேலிக்குரிய உடை, திருமணத்திற்குச் சற்றும் பொருந்தாத உடை. ஆயினும் கோர்மன் கண்ணில் இறந்த மனைவியாக நின்றவள், அவனுக்கு யாராகவும் தோன்றாமல் நழுவுவதற்குத் தானே தெரிந்தெடுத்த முதல் வேடம் அதுவே.