கறுப்புக் கல், காவிக் கோடு

பழைய நகையைக் கையில் வாங்கும் பத்தர் அதன் பளபளப்பை நம்பிவிடுவதில்லை. உரைகல்லில் ஓர் இழுப்பு இழுக்கிறார். கருகருவென்ற கல்லின் மேல் மெல்லிய மஞ்சள் கோடு விழுகிறது. பக்கத்திலேயே, மாற்றுத் தெரிந்த உரையாணியால் இன்னொரு கோடு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தங்கத்தின் மாற்றைச் சொல்கிறார்.

தாதுக்களை இனங்காண மண்ணியல் மாணவர்கள் முதலில் கற்கும் வித்தைகளில் ஒன்றும் இதுவே. பத்தரின் கல் கறுப்பு. மாணவரின் பலகை வெள்ளை. அது மெருகு பூசாத பீங்கான் துண்டு. அதன் மேல் தாதுவைத் தேய்த்தால் விழும் தூளின் நிறத்தை 'ஸ்ட்ரீக்' என்பார்கள். தமிழில் உரைநிறம் என்று சொன்னால் பத்தருக்கும் புரியும்.

தாதுவின் நிறத்தை நேராகப் பார்த்தால் போதாதா? போதாது. குவார்ட்ஸ் என்ற ஒரே தாது நிறமற்ற படிகமாகவும், ஊதா நிறச் செவ்வந்திக்கல்லாகவும், ரோஜா நிறத்திலும், புகை நிறத்திலும் கிடைக்கிறது. உள்ளே கலந்த மிகச் சிறு அளவு இரும்பும், படிகத்தில் நேர்ந்த சிறு குறைகளும் செய்யும் வேலை அது. தூளாக்கிவிட்டால் எல்லாம் வெள்ளை. இதற்கு நேர்மாறாக ஹேமடைட், மேக்னடைட், கோதைட் என்ற மூன்று இரும்புத் தாதுக்களும் கறுப்பாக, பார்க்க ஒன்றுபோலவே இருக்கக்கூடும். பீங்கானில் தேய்த்தால் ஹேமடைட் செங்காவியாகக் கோடு போடும், மேக்னடைட் கறுப்பாக, கோதைட் மஞ்சள் கலந்த பழுப்பாக. பொன்போல மின்னும் பைரைட்டின் கோடு பச்சை கலந்த கறுப்பு. தங்கத்தின் கோடு தங்க நிறமே.

ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்தில் கற்பித்த வெர்னர், 1774இல் வெளியிட்ட நூலில் இத்தகைய புறப் பண்புகளை ஒழுங்குபடுத்தித் தந்தார். அவருடைய மாணவர் ஃப்ரீட்ரிக் மோஸ் 1812இல் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசையிட்டார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் களத்தில் நிற்பவர்களுக்கு அந்த வரிசைதான் கைகொடுக்கிறது.

பையில் இருக்க வேண்டியவை

செலவு அதிகமில்லை. உடைந்த பீங்கான் கோப்பையின் அடிவளையம் பெரும்பாலும் மெருகு பூசாமல் சொரசொரப்பாக இருக்கும். உரைக்க அது போதும். கூடவே பேனாக்கத்தி, சிறு கண்ணாடித் துண்டு, காந்தம், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், எலுமிச்சம்பழம் அல்லது சிறு புட்டியில் வினிகர்.

கடினத்தைச் சோதிக்க முதல் கருவி விரல் நகம். மோஸ் வரிசையில் அதன் இடம் ஏறத்தாழ இரண்டரை. ஜிப்சத்திலும் அதைவிட மென்மையான டால்க்கிலும் நகத்தாலேயே கீறல் விழும். கல்சட்டி வாங்கிப் பழகிய வீடுகளில் டால்க்கைத் தனியே அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாக்கல்லைத் தொட்டால் சோப்பைத் தொட்டதுபோல வழுக்குவது அதிலுள்ள டால்க்கால்தான். அடுத்தது கால்சைட், கடினம் மூன்று. கத்தி எளிதில் கீறிவிடும். கத்தியும் கண்ணாடியும் ஐந்தரைக்குப் பக்கம். ஏழில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறிவிடும். பிள்ளைகள் இருட்டில் உரசித் தீப்பொறி பார்க்கும் வெங்கச்சாங்கல் இந்தக் குவார்ட்ஸ்தான்.

ஒன்பதாம் இடத்தில் இருப்பது குருந்தம். ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயருக்கு வேர் இந்தத் தமிழ்ச் சொல். சாணை பிடிக்கும் கல்லுக்குப் பயன்பட்டதும் இது. சிவந்தால் மாணிக்கம், நீலமானால் நீலக்கல். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகளில் குருந்தம் கிடைக்கிறது.

ஒரு வரம்பையும் நினைவில் வைக்க வேண்டும். பீங்கானின் கடினம் ஆறரை முதல் ஏழு. அதைவிடக் கடினமான கல்லைத் தேய்த்தால் கல் தேயாது, பீங்கான்தான் தேயும். அப்போது விழும் வெள்ளைக் கோட்டைக் கல்லின் நிறமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதேபோல் பாறை வேறு, தாது வேறு. பல தாதுக்கள் சேர்ந்த கருங்கல்லை அப்படியே உரைத்தால் ஒன்றும் விளங்காது. அதிலுள்ள ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கடற்கரையில் தொடங்கலாம்

புதுச்சேரியில் இந்தப் பாடத்துக்கு நல்ல இடம் கடற்கரைச் சாலை. காலை வெயில் சாய்வாக விழும் நேரமே தோது. அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கரும்பாறைகளில் புதிதாக உடைந்த முகம் ஒன்றைத் தேடி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பாறையை நோக்கிக் குனிய வேண்டும். முதலில் தெரிவது மினுக்கம். தலையைச் சற்றே திருப்பினால் சில மணிகள் குட்டிக் கண்ணாடிபோலப் பளிச்சென்று ஒளிவிட்டு அணையும். அவை ஃபெல்ட்ஸ்பார், குறிப்பிட்ட தளங்களில் நேராகப் பிளக்கும் தாது. பக்கத்தில் உடைந்த புட்டிபோல வளைந்த முகங்களோடு, எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரே சீராக மங்கி நிற்பது குவார்ட்ஸ். அதற்குப் பிளவுத்தளம் இல்லை. கறுப்பாக ஏடு ஏடாக உரிவது காக்காப்பொன் எனப்படும் மைக்கா.

குவார்ட்ஸ் நீலம் பாரித்து, பாறை முழுவதும் எண்ணெய் தடவியதுபோல மினுங்கினால் அது சார்னகைட்டாக இருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கொல்கத்தாக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த மண்ணியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் வைத்த பெயர் அது. சென்னையை அடுத்த பல்லாவரத்திலும் அதே பாறை உண்டு. தமிழகத்தின் வட மாவட்டங்களில் நாம் கருங்கல் என்று பொதுவாகச் சொல்வதில் பெரும் பங்கு இந்த இனம்தான்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கிய கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். அங்கே கத்திக்கும் பீங்கானுக்கும் வேலையில்லை. லென்ஸும் கண்ணும் மட்டும்.

நகரத்துக்குத் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் நடந்தால், மணலில் கரும்பட்டைகள் தென்படும். அழுக்கு என்று தாண்டிப் போகிறவர்கள் பலர். ஒரு பிடி அள்ளினால் கை உணர்ந்துவிடும், சாதாரண மணலைவிட அது கனம். குவார்ட்ஸ் மணல் தண்ணீரைப் போல ஏறத்தாழ 2.65 மடங்கு கனமுள்ளது, இல்மனைட் 4.7 மடங்கு, மேக்னடைட் 5.2 மடங்கு. திரும்பும் அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போக, கனமானது கரையில் தங்குகிறது. முறத்தில் புடைக்கும்போது நடப்பதும் இப்படித்தான்.

காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்த மணலுக்கு மேலே பிடித்தால், மேக்னடைட் மணிகள் முள்முள்ளாக எழுந்து ஒட்டிக்கொள்ளும். இல்மனைட் சாதாரணக் காந்தத்துக்கு அவ்வளவாக மசியாது. மிச்சத்தை வெள்ளைத் தாளில் பரப்பி லென்ஸில் பார்த்தால், கறுப்புக்கு நடுவே இளஞ்சிவப்பு மணிகள் இருக்கும். அவை கார்னெட். பார்த்து முடித்ததும் மணலைக் கரையிலேயே கொட்டிவிட வேண்டும்.

கோரிமேட்டுச் செம்மண்

உரைநிறத்தின் அருமை முழுதாகத் தெரிவது நகருக்கு மேற்கிலும் வடக்கிலும் உள்ள செம்மேட்டில். கோரிமேடு தொடங்கி ஆரோவில் வரை மழை அறுத்த சிவந்த பள்ளங்கள். கடலூர் மணற்கல் என்று மண்ணியலாளர்கள் சொல்லும் படிவு இது. இந்தச் செம்மண்ணில் இரும்பு ஏறி இறுகிய சிறு கற்கள் கிடக்கும். மேலே கரும்பழுப்பு, சில ஏறக்குறைய கறுப்பு.

அப்படி இரண்டு மூன்றைப் பொறுக்கிப் பீங்கானில் ஒன்றன் கீழ் ஒன்றாக இழுத்துப் பார்க்கலாம். ஒன்று செங்காவிக் கோடு போட்டால் அதில் ஹேமடைட் மிகுதி. மஞ்சள் பழுப்பாகப் போட்டால் நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடான கோதைட். கறுப்பாகக் கிடந்த கல்லிலிருந்து கோலத்துக்கு இடும் காவி வெளிவரும்போது, கோயில் மதிலின் பட்டைக்கும் வாசல் கோலத்தின் கரைக்கும் செம்மண் பூசிய கைகளுக்கு இந்தத் தூள் எத்தனை காலமாகத் தெரியும் என்பது புரியும். காவிக்கல்லின் சிவப்பு ஹேமடைட்டின் சிவப்பே.

இன்னும் வடமேற்கே சேதராப்பட்டு, வழுதாவூர்ப் பக்கம் போனால் பாடம் மாறுகிறது. அங்கே மண்ணுக்கடியில் ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் படிவு. கே, கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய சிப்பி, அம்மோனைட் புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். வழுதாவூரின் பெயரையே ஒரு பாறைப் படிவுக்கு வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்று கிடைத்தால், கத்தியால் சுரண்டி அந்தத் தூளின் மேல் எலுமிச்சைச் சாறு சொட்டலாம். பொடிப்பொடியாக நுரை எழுந்தால் கால்சைட். வெள்ளையாகத் தெரியும் குவார்ட்ஸிடம் சாறு சும்மா கிடக்கும்.

புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கிறது திருவக்கரை. அங்கே தேசியக் கல்மரப் பூங்காவில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அடிமரங்கள் கிடக்கின்றன. நாரும் கணுவும் அப்படியே தெரிவதால் பார்வைக்கு மரம். ஆனால் மரப்பொருளின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டதால் குவார்ட்ஸுக்கு ஈடான கடினம். பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் கீறவோ எடுக்கவோ கூடாது. ஒரே நிழலில் கிடக்கும் கட்டைமரத்தையும் கல்மரத்தையும் தொட்டுப் பார்த்தாலே போதும். கல்லின் குளிர்ச்சி உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

கண்ணாடிக்கு அப்பால்

கடைசியாகப் போக வேண்டிய இடம் பாரதி பூங்கா அருகே உள்ள புதுச்சேரி அருங்காட்சியகம். அரியாங்குப்பம் ஆற்றங்கரை அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலரும் அடுத்து கசாலும் அகழ்ந்தார்கள். ரோமானிய உலகோடு வணிகம் செய்த அந்த ஊர் மணிகளுக்குப் பேர்போனது. சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், படிகம், கார்னெட், இவற்றோடு கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்தன.

அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த மணிகளைத் தொட முடியாது, உரைக்க முடியாது. அதுவரை கை கற்றதைக் கண் செய்ய வேண்டும். சூதுபவளத்தில் ஒளி மெழுகுபோல மங்கலாக ஊறி நிற்கும். கண்ணாடி மணியில் சில சமயம் நுண்ணிய காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கும். அவை உருகிய பொருளின் அடையாளம். கார்னெட் அடர்ந்த சிவப்பு. வீராம்பட்டினத்து மணலில் லென்ஸுக்குள் தெரிந்த அதே இனம். பிறகு மணிகளின் துளைகளைப் பார்க்கலாம். குவார்ட்ஸ் குடும்பத்துக் கல்லை, கடினம் ஏழு உள்ள ஒன்றை, நெல்மணி அளவுக்குத் தேய்த்து, நூல் கோக்கத் துளையிட்டிருக்கிறார்கள். அதற்கு அந்தக் கல்லுக்கு ஈடான அல்லது அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். மோஸ் எண் போட்டு வரிசையிடுவதற்கு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, எந்தக் கல் எந்தக் கல்லைத் தேய்க்கும் என்று அரிக்கமேட்டுக் கைவினைஞர் தெரிந்துவைத்திருந்ததற்கு அந்தச் சிறு துளையே சான்று.