நன்றும் தீதும் நடுத்தரமும்

திரைப்பட மதிப்புரைகளை நன்று, தீது என இரண்டாகப் பகுத்துப் பொறிக்குக் கற்பித்தல் இயந்திரக் கற்றலில் நெடுநாள் வழக்காகும். 2011இல் அன்ட்ரூ மாஸ் முதலியோர் ஐ.எம்.டி.பி. தளத்தினின்று தொகுத்து வகைகுறித்த 50,000 மதிப்புரைகளுள், பத்துக்கு நான்கோ அதனிற் குறைவோ பெற்றவை தீது. ஏழோ அதனின் மிகையோ பெற்றவை நன்று. ஐந்தும் ஆறும் பெற்றவை விலக்கப்பட்டன.

அத்தொகுப்பிற் பயின்ற பொறி கூறும் நிகழ்தகவைக் கூறிட்டு, 'நடுத்தரம்' முதலிய பல வகுப்புகளை ஆக்கலாமென்பர் சிலர். அது பொருந்தாது. நிகழ்தகவு பாதியாய் நிற்பது பொறியின் ஐயத்தைக் காட்டுமேயன்றி, எழுதியோரின் நடுத்தரத் தீர்ப்பைக் காட்டாது. வஞ்சப்புகழ்ச்சியாய் வந்த கடுங்கண்டனமும் அவ்வையத்தை விளைக்கும்.

2013இல் ரிச்சர்ட் சோச்சர் குழுவினர் 11,855 வாக்கியங்களை மாந்தரைக் கொண்டே மதிப்பிடுவித்து ஐந்து வகுப்புகளாக்கினர். நெறி அதுவே. கற்பியாத வேறுபாட்டைக் கணக்குத் தாராது; மீளப் படித்தலே தரும்.