மேடு இருக்கட்டும், பந்து வேண்டாம்

குவாண்டம் இயற்பியல் பாடத்தில் நிலை ஆற்றலை ஒரு மேடாக வரைவது வழக்கம். குறுக்கே ஒரு கோடு, அது துகளின் மொத்த ஆற்றல். கோடு மேட்டைவிடத் தாழ்ந்திருந்தும் துகள் மறுபுறம் போய்விடுகிறது. இந்தப் படம் செய்த நன்மை சிறியதல்ல. யுரேனியம்-238 உமிழும் ஆல்ஃபா துகளின் ஆற்றல் சுமார் 4.2 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதைப்போல இருமடங்கு ஆற்றலுள்ள ஆல்ஃபா துகளை வெளியிலிருந்து ஏவினாலும் யுரேனிய அணுக்கருவின் மின்விலக்கு அரணை ஏறிக் கடக்க முடியாது. உள்ளே இருப்பது மட்டும் எப்படி வெளியே வருகிறது? 1928இல் காமோவும், அவரைச் சாராமல் கர்னியும் காண்டனும், அரணின் வளைகோட்டை ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் வைத்து விடை கண்டார்கள். அரணுக்குள் அலை அற்றுப்போவதில்லை, வேகமாகத் தேய்கிறது. ஆற்றல் கொஞ்சம் கூடினாலே அந்தத் தேய்வு வெகுவாகக் குறைந்துவிடும். தோரியம்-232 உமிழும் துகளுக்கு ஆற்றல் சுமார் 4, பொலோனியம்-212 உமிழ்வதற்கு சுமார் 8.8. முன்னதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள், பின்னதற்கோ ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு பெரிய இடைவெளியை ஒரே கணக்கு விளக்கிவிடுகிறது என்பது எத்தனை முறை படித்தாலும் மலைப்பைத் தருவது.

குறை, படத்தில் பந்தை உருட்டிப் பார்க்கும் பழக்கத்தில் இருக்கிறது. ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். அடிநிலையில் எலக்ட்ரானின் மொத்த ஆற்றல் −13.6 எலக்ட்ரான் வோல்ட். போர் ஆரத்தைப்போல இருமடங்கு தொலைவில் நிலை ஆற்றலும் அதே −13.6 ஆகிவிடுகிறது. பந்துக் கணக்குப்படி எலக்ட்ரான் அங்கே நின்று திரும்ப வேண்டும். ஆனால் அதற்கு அப்பால் எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 24 விழுக்காடு. அப்படியானால் அங்கே இயக்க ஆற்றல் எதிர்க்குறியா என்று மாணவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான், ஆனால் படம் தவறாகத் தூண்டிய கேள்வி. நிலை ஆற்றல் இடத்தைப் பொறுத்தது, இயக்க ஆற்றல் உந்தத்தைப் பொறுத்தது. இரண்டுக்கும் ஒருசேரத் திட்டமான மதிப்பு கிடையாது. இந்த நிலையில் திட்டமானது மொத்தம் மட்டுமே. நிலை ஆற்றல் −27.2, இயக்க ஆற்றல் 13.6 என்பவை சராசரிகள். எலக்ட்ரானை அந்த வெளிப்பகுதியில்தான் இருக்கிறது என்று அளந்து பிடித்தால், அளவீடே அதன் நிலையை மாற்றிவிடும். மொத்தம் பழைய −13.6 ஆக நீடிக்காது.

தொடக்கநிலை மாணவருக்கு ஏதாவது உருவம் வேண்டாமா, துகள் சற்றுநேரம் ஆற்றலைக் கடன் வாங்கித் தாண்டுகிறது என்று சொன்னால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். உருவம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கடன் கதையைத்தான் ஏற்க முடியவில்லை. காமோவின் கணக்கில் கடனும் இல்லை, திருப்பிச் செலுத்துதலும் இல்லை. அரணுக்கு உள்ளும் புறமும் மொத்த ஆற்றல் ஒன்றே. நாளைக்குக் கழற்றி எறிய வேண்டிய கதையை இன்று ஊட்டுவது மாணவருக்கு இரட்டைச் சுமை. அதே படத்தில் பந்துக்குப் பதில் அலையை வரையலாம். கோடு வளைகோட்டுக்கு மேலே இருக்கும் இடத்தில் அலை அச்சை நோக்கி வளையும், கீழே இருக்கும் இடத்தில் அச்சைவிட்டு விலகி வளையும். ஹைட்ரஜனின் ஆரத்திசை அலையை வரைந்து பார்த்தால், பந்து திரும்பியிருக்க வேண்டிய அந்த இருமடங்கு ஆரத்தில் சுவர் எதுவும் தெரியாது. அலையின் வளைவு திசை மாறுவது மட்டுமே தெரியும்.