பொறியிசையும் உயிர்க்குரலும்

பொறியால் எழுப்பப்படும் இசையில் உயிர் இராது என்பார் இன்றும் உளர். அக்கூற்றை மறுத்துப் பேச விரும்புவோர் எடுத்துக் காட்டத்தக்க இசைத்தட்டு ஒன்று உண்டு. 1982ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தின் மியூட் நிறுவனம் வெளியிட்ட 'அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்' என்பதே அது. யாஸூ என்னும் இருவர் குழுவின் முதல் படைப்பு.

இருவரும் எசெக்ஸ் வட்டாரத்துப் பாசில்டன் நகரினர். வின்ஸ் கிளார்க், டெப்பெஷ் மோட் குழுவின் முதல் தட்டுக்குப் பெரும்பாலான பாடல்களை எழுதித் தந்துவிட்டு, 1981ஆம் ஆண்டின் இறுதியில் அதனின்று விலகியவர். அலிசன் மொயே புளூஸ் இசையில் தோய்ந்த குரலினர். துணைக் கலைஞர்களை வேண்டி 'மெலடி மேக்கர்' இதழில் விளம்பரம் செய்திருந்தார். விடை கிளார்க்கிடமிருந்து வந்தது. வழிபாடு நின்றுபோன தேவாலயம் ஒன்றில் எரிக் ராட்கிளிஃப் நடத்திய பிளாக்விங் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணி நடந்தது. தலைப்பில் வரும் எரிக் அவரே.

பக்கவாத்தியக்காரர் பாடுவோரின் முகம் பார்த்து வாசிப்பவர். குரல் தயங்கினால் தாமும் தயங்குவார். முன்கூட்டியே சுரவரிசை குறித்துவைக்கப்பட்ட மின்னிசைப் பொறிக்கு அந்த இரக்கம் கிடையாது. இக்குறையையே இத்தட்டு தன் வலிமையாக்கிக் கொண்டது. 'ஒன்லி யூ' பாடலில் ஒற்றை ஒற்றைச் சுரங்கள் கூரை நீர் சொட்டுவதுபோல் ஒரே சீராக விழுகின்றன. அவற்றின் மேல் மொயேயின் கனத்த தாழ்குரல் சற்றே பிந்தி வருகிறது. ஒரு சொல்லை நீட்டுகிறது. மற்றொன்றை மூச்சோடு விட்டுவிடுகிறது. பொறி காத்திருப்பதில்லை. பிரிந்து போனவரும் அப்படித்தானே! அப்பாடலின் துயரம் சொற்களில் இருப்பதைக் காட்டிலும் இந்த இடைவெளியில்தான் மிகுதியாக இருக்கிறது. 'டோன்ட் கோ'வில் நிலைமை வேறு. அங்கே போகாதே என்னும் வேண்டுகோள் ஆணையாகவே ஒலிக்கிறது. பொறியின் துள்ளலோடு குரல் மல்லுக்கு நிற்கிறது. முன்னது இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தையும், பின்னது மூன்றாம் இடத்தையும் எட்டின.

பதினொரு பாடல்களும் ஒரே தரத்தன என்பதற்கில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் பிள்ளைகள் ஒப்பிக்கும் விதியொன்றைத் தலைப்பாகக் கொண்ட 'ஐ பிஃபோர் ஈ எக்செப்ட் ஆஃப்டர் சி', பேச்சுத் துணுக்குகளை வெட்டி ஒட்டிய சோதனை. (விதியை ஒப்பித்த பிள்ளையும் பிழையாகவே எழுதும் என்பதை ஆசிரியர் அறிவர்.) மனிதக் குரலையும் பொறியின் உறுப்பாக்கிவிட்ட அவ்விடத்தில், தட்டின் மற்றப் பகுதிகளுக்கு உயிரூட்டும் முரண் அற்றுப் போகிறது. ஒருமுறை கேட்கலாம், மறுமுறை ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைக்கத் தோன்றும்.

பாராட்டு முழுவதையும் கிளார்க்குக்கே வழங்குவது முறையன்று. நான்கு பாடல்கள் மொயே எழுதியவை. அவற்றுள் 'விண்டர் கில்ஸ்' தனித்து நிற்பது. பொறிகள் ஏறத்தாழ ஒதுங்கிக்கொள்ள, பியானோவின் அருகே குரல் குளிர்ந்து நிற்கிறது. இருபத்தோரு வயதுப் பெண்ணின் குரலென்று நம்புதல் அரிது. அடக்கம் என்பது என்ன என்று பாடகர் கேட்டறிய வேண்டிய பாட்டு இது.

இருவர் கூட்டு நெடுநாள் நிற்கவில்லை. 1983ஆம் ஆண்டு இரண்டாம் தட்டோடு பிரிந்தனர். 2008இல் மேடைக்காக மீண்டும் கூடினர். பிரிந்த அதே ஆண்டின் இறுதியில் 'ஒன்லி யூ' வேறு உருவில் வந்தது. ஃப்ளையிங் பிக்கெட்ஸ் குழுவினர் கருவி எதுவுமின்றி, வாயாலேயே அதனைப் பாடினர்; கிளார்க்கின் பொறி சொட்டிய சுரங்களைக்கூட நாவால் சொட்டினர். மொயே பாடி இரண்டாம் இடத்தில் நின்ற பாட்டு, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் முதலிடம் பெற்றது.