தொட்டறியாக் கல்வி

நீதிமன்றத் தீர்ப்பொன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது முறையா எனச் சிலர் வினவலாம். மனித வாழ்வை எடைபோடும் எழுத்து எதுவாயினும் அதனை ஊன்றிப் படிப்பது நம் கடமையே. அவ்வகையில், 2022 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை ஈண்டு நோக்குவோம்.

வழக்கு தமிழகத்தில் எழுந்தது. சீனாவில் மருத்துவம் பயின்ற மாணவர்கள் 2020-இல் கொள்ளைநோய் பரவவே தாயகம் திரும்பினர். எஞ்சிய பாடங்களை இணையவழியே முடித்துப் பட்டம் பெற்றனர்; இந்தியாவில் நடந்த தகுதித் தேர்விலும் தேறினர். எனினும் மருத்துவராகப் பதிவு பெற இயலவில்லை. விடுபட்ட செய்முறைப் பயிற்சிக்கு ஈடாக இரண்டு மாதங்களும், பயிற்சி மருத்துவராக வழக்கமான ஓராண்டும் போதும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. செய்முறைப் பயிற்சியின்றி மருத்துவர் உருவாக இயலாது என்ற கொள்கையை வலியுறுத்தி, தக்க திட்டம் வகுக்குமாறு தேசிய மருத்துவ ஆணையத்தைப் பணித்தது.

அக்கொள்கையில் நமக்கு மாறுபாடு இல்லை. இதய ஒலியின் வேறுபாடுகளைப் பதிவுசெய்து நூறு முறை கேட்கலாம். இதில் திரை நல்ல ஆசானே. ஆனால் கல்லீரல் வீக்கத்தை அறிவது எங்ஙனம்? வலப்பக்க விலாவின் கீழ்க் கை வைத்து, மூச்சை உள்ளிழுக்கச் சொன்னால், அதன் விளிம்பு இறங்கி வந்து விரல்நுனியில் தட்டும். அந்தத் தட்டலைத் திரை தர இயலாது. முத்துக்குளித்துறையில் வாழும் நமக்கு இது புதிதன்று. மூழ்கியவரின் நிலையைப் படகில் கயிறு பற்றி நின்றவர் கண்ணால் அறியவில்லை. கயிற்றின் அசைவைக் கையால் உணர்ந்தே அறிந்தார். அக்கலையைக் கரையில் அமர்ந்து கற்றவர் எவருமிலர்.

தொலைவே தீது என்றும் நாம் சொல்லவில்லை. 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லேன்னெக், நோயாளியின் மார்பில் நேரே காது வைக்கத் தயங்கித் தாளைச் சுருட்டிக் குழலாக்கினார். அதிலிருந்தே இதயத்துடிப்புமானி பிறந்தது. அங்கு இடையே குழல் வந்தது. ஆயினும் நோயாளி எதிரிலேயே இருந்தார். இணைய வகுப்பிலோ நோயாளியே இல்லை.

ஆயின் குறை எங்குள்ளது? அளவுகோலில். தீர்ப்பைத் தொடர்ந்து 2022 ஜூலை 28 அன்று ஆணையம் வெளியிட்ட அறிவிப்பு, இறுதியாண்டில் நாடு திரும்பி 2022 ஜூன் 30-க்குள் பட்டம் பெற்றோர்க்கு இரண்டாண்டுப் பயிற்சியை விதித்தது. இரண்டு மாதம், இரண்டு ஆண்டு என்னும் இரண்டும் நாட்காட்டியின் கணக்குகளே. இழந்தது சிறிதாயினும் பெரிதாயினும் அவ்வறிவிப்பில் அளவு ஒன்றே. எத்திறனை இம்மாணவர் இழந்தார், எதனை முன்பே கைவரப் பெற்றிருந்தார் எனச் சோதித்து அளக்க அங்கு வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. உள்நாட்டு மாணவரும் அக்காலத்தில் திரைமுன் அமர்ந்தவர்களே. கல்லூரிகள் திறந்ததும் அவர்கள் நோயாளியின் படுக்கையருகே திரும்பினர். அயல்நாட்டில் பயின்றோர்க்கு அவ்வாயில் அடைபட்டிருந்தது. வாயிலை அடைத்தவர்கள் அவர்களல்லர். எனினும் கடன் முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தது.

நோயாளியின் உயிரைக் காக்க முனைந்த தீர்ப்பு அது. அதற்காக அதனைப் போற்றுவோம். ஆனால் பயிற்சி தண்டனையாக உணரப்படுமிடத்தில் கற்றல் தளரும். ஆண்டுகளை எண்ணுவதை விடுத்து, அம்மாணவரின் கை எதனைக் கற்றது, எதனைக் கற்கவில்லை எனப் பார்த்திருந்தால், நோயாளிக்கும் மாணவர்க்கும் ஒருசேர நீதி கிட்டியிருக்குமன்றோ?