வியன்னா இசைமன்றம்: மரபா, மதிலா?

இசைக்கு எல்லையில்லை என்பர். ஆனால் எல்லையற்ற அந்த இசையை எழுப்பும் மன்றத்துக்கு வாயிலுண்டு, வாயிலிலே காவலுண்டு. "என்ன வாசிப்பாய்?" என்று கேட்கு முன்னர், "ஆணா, பெண்ணா?" என்று கேட்டது அக்காவல். ஐரோப்பாவின் இசைத் தலைநகரெனப் போற்றப்படும் வியன்னாவில், 1997ஆம் ஆண்டு வரை இது நடந்ததென்றால் தோழர்கள் சிலர் வியப்படையக்கூடும். நாம் வியப்படையவில்லை.

1842 மார்ச் 28 அன்று, ஓட்டோ நிக்கோலாய் தலைமையில், அரசவை இசைநாடக அரங்கின் கலைஞர்கள் கூடி முதல் நிகழ்ச்சியை நடத்தினர். வியன்னா பில்ஹார்மோனிக் எனும் சிம்பொனி இசைக்குழு அன்று பிறந்தது. இதன் அமைப்பிலே பாராட்டத்தக்க ஒன்றுண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. முதலாளி எவருமில்லை, வாசிப்போரே தம்மை ஆளுகின்றனர், வாக்களித்து நிருவாகிகளைத் தேர்கின்றனர். 1933 முதல் நிரந்தர நடத்துநர் என்று ஒருவரையும் அவர்கள் வைத்துக்கொண்டதில்லை. குடியாட்சிதான்! ஆனால் யாருக்குள்ளே குடியாட்சி என்பதன்றோ கேள்வி?

பெண்களை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டபோதெல்லாம் அவர்கள் காட்டிய கேடயம், 'மரபு'. ஆசானிடமிருந்து மாணவனுக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் வழிவழி வந்த வியன்னா நாதம். அயலார் கலந்தால், பெண்டிர் கலந்தால், அது கெடுமாம். 1996இல் ஜெர்மன் வானொலி ஒன்றில் உறுப்பினர் சிலர் இக்கருத்தை வெளிப்படையாகவே பேசினர். நம் செவிக்கு இது புது ராகமன்று!

வியன்னா நாதம் என்று ஒன்று இருப்பது உண்மையே. அங்கே ஊதப்படும் ஹார்ன் தனி வகை. ஓபோவும் தனி வகை. அந்த வேறுபாடு கருவியின் அமைப்பிலும் பயிற்சி முறையிலும் இருக்கிறது. ஊதுபவரின் குருதியில் அதை எப்படிக் கண்டனர்? சரி, குருதியையே பார்ப்போம். குழுவைத் தோற்றுவித்த நிக்கோலாய் பிரஷியாவின் கோனிக்ஸ்பர்க்கில் பிறந்தவர். தம் இரண்டாம் சிம்பொனியை 1877இல் இக்குழுவிடம் முதன்முதல் அரங்கேற்றத் தந்த பிராம்ஸ், ஹம்பர்க் நகரத்தார். 1898 முதல் 1901 வரை குழுவை நடத்திய மாலர், பொகீமியச் சிற்றூர் ஒன்றில் யூதக் குடும்பத்திலே பிறந்தவர். அரசவை அரங்கின் பதவிக்காகக் கத்தோலிக்கராக மாற வேண்டியிருந்தது அவருக்கு. முதல் வயலின் நாற்காலியில் 1881இல் அமர்ந்த ஆர்னோல்டு ரோஸே, ருமேனியாவின் யாஷ் நகரில் பிறந்த யூதர். வந்தேறிகள் வளர்த்த நாதத்துக்கு மண்ணின் மைந்தர் எனும் முத்திரை!

அந்த ரோஸேக்கு மன்றம் செய்த கைம்மாறு என்ன? 1938இல் ஆஸ்திரியாவை இட்லர் விழுங்கினான். அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாசித்த முதியவர் வெளியேற்றப்பட்டார். இலண்டனில் அடைக்கலம் புகுந்து 1946இல் மறைந்தார். யூத உறுப்பினர் எழுவர் வதை முகாம்களிலோ துன்புறுத்தலாலோ மாண்டனர். எஞ்சியோர்? 123 கலைஞர்களில் 60 பேர் நாசிக் கட்சி உறுப்பினர். இன்று உலகமே தொலைக்காட்சியில் கண்டு மகிழும் புத்தாண்டு இசைவிழா, 1939 டிசம்பர் 31 அன்று நாசிகளின் குளிர்கால நிதிக்காகத் தொடங்கப்பட்டதே. வியன்னாவை ஆண்ட நாசித் தலைவன் ஷீராக்குக்கு 1942இல் மன்றம் மோதிரம் அணிவித்தது. நியூரம்பர்க் நீதிமன்றம் விதித்த இருபதாண்டுச் சிறையை முடித்து 1966இல் அவன் வெளிவந்த பின், மாற்று மோதிரமும் போய்ச் சேர்ந்தது! அம்மதிப்பு பறிக்கப்பட்டதும், வரலாற்றாசிரியர்களுக்கு ஏடுகள் திறக்கப்பட்டு உண்மை வெளியானதும் 2013இல். எழுபதாண்டுகள் கழித்து வந்த நாணம்!

ரோஸேயின் மகள் ஆல்மா சிறந்த வயலின் கலைஞர். தந்தை முதல் நாற்காலியில் இருந்த குழுவிலே மகளுக்குக் கடைசி நாற்காலியும் கிடையாது. ஆகவே 1932இல் பெண்கள் குழு ஒன்றைத் தாமே அமைத்தார். பின்னர் ஆஷ்விட்ஸ் முகாமில், அடைபட்ட பெண்களின் இசைக்குழுவுக்குத் தலைமை ஏற்று, அதனாலேயே பலர் உயிரைக் காத்தார். 1944இல் அங்கேயே மடிந்தார். தந்தை வழி மகனுக்கு என்று மரபு பேசியோர், இந்தத் தந்தை வழி மகளை எந்தக் கணக்கில் எழுதுவர்?

ஹார்ப் மீட்டிய அன்னா லெல்கெஸ் 1971 முதல் இக்குழுவில் வாசித்தார். ஆணொருவர் கிடைக்கவில்லை போலும்! இருபத்தாறு ஆண்டுகள் கைகள் உழைத்தன. உறுப்பினர் பட்டியலில் பெயரில்லை. அமெரிக்கப் பயணம் நெருங்கியது; அங்குள்ள பெண்கள் அமைப்புகள் மறியலுக்கு ஆயத்தமாயின; வரிப்பணத்தில் நடக்கும் அரங்கைக் குறித்து ஆஸ்திரியாவிலும் கேள்வி எழுந்தது. 1997 பிப்ரவரியில் கதவு திறந்தது. நூற்றைம்பத்தைந்து ஆண்டு மரபு ஒரே வாக்கெடுப்பில் மாறியது. நாதம் கெட்டதாக எவரும் எழுதக் காணோம்.

2011இல், ரோஸே வகித்த பொறுப்புக்கு அல்பேனா டனைலோவா எனும் பெண்மணி உறுப்பினராக ஏற்கப்பட்டார். அவர் பிறந்த ஊர் பல்கேரியாவின் சோஃபியா.